வேரின் வயது

எங்கள் ஊர்ப் பக்கம் காடு என்று சொல்வதற்கு மரம் தேவையில்லை. காலையில் தூக்குப்போசியோடு கிளம்பும் ஒருவர் "காட்டுக்குப் போறேன்" என்றால், சோளமோ எள்ளோ விதைத்த மானாவாரி நிலத்துக்குப் போகிறார் என்று அர்த்தம். செங்காடு, மேட்டாங்காடு, கரட்டுக்காடு, கல்லாங்காடு என்று மண்ணைப் பொறுத்துப் பெயரின் முன்பாதி மாறும். மரங்கள் அடர்ந்து, வெயில் தரையில் விழாத இடத்தை நாங்கள் காடு என்று சொல்வது அபூர்வம். அது மலை. இல்லாவிட்டால் 'ஃபாரஸ்ட்டு'.

இந்தக் காடுகளில் ஒரு வகை கொறங்காடு. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரத்தைத் தாண்டினால் இந்தச் சொல்லைக் கேட்டவர்கள் குறைவு. பயிருக்கு என்றில்லாமல் மேய்ச்சலுக்கென்றே விட்டுவைத்த சொந்தப் பட்டா நிலம் அது. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. தரையில் கொழுக்கட்டைப்புல். இடையிடையே, ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழாத தூரத்தில், வெள்ளவேலா மரங்கள். மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆள் வேண்டாம். கோடையில் புல் தீய்ந்து செம்மண்ணும் சரளையும் தெரியும்போது வேலாங்காய் உதிரும். அதைத் தின்று ஆடும் மாடும் அடுத்த மழைவரை நாளைத் தள்ளும். புல் மெலிந்துபோனால் சில வருஷத்துக்கு ஒருதரம் உழுது சோளம் விதைத்து எடுத்துவிட்டு, மறுபடியும் மேய்ச்சலுக்கு விட்டுவிடுவார்கள். காங்கேயம் காளை என்று ஊரெல்லாம் படம் போடுகிறோமே, அந்த இனம் வளர்ந்தது இந்த வேலிகளுக்குள்தான்.

நான் படித்தது இன்ஜினியரிங், பார்ப்பது பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. கொறங்காட்டை ஓர் உலகளாவிய அறிவியல் விவாதத்தோடு சேர்த்து யோசிக்க எனக்கு எந்த முகாந்திரமும் இருந்திருக்காது. என் தங்கை தாவரச் சூழலியலில் பிஎச்.டி. சேர்ந்ததால் வந்த வினை இது. அவளுடைய ஆய்வுப் பொருள் சவானா நிலங்களில் மரக்கன்றுகள் எப்படிப் பிழைக்கின்றன என்பது.

சேர்ந்த புதிதில் ஒரு கல்யாண வீட்டில் பெரியம்மா அவளைப் பிடித்துக்கொண்டார். "என்ன படிக்கற கண்ணு?"

"புல்லு, மரம் பத்திங்க பெரியம்மா."

"புல்லுக்கு என்ன படிப்பு? மாட்டக் கேட்டா சொல்லீட்டுப் போவுது."

"அதத்தானுங்க கேட்டுட்டிருக்கறோம்" என்றாள். பெரியம்மா சிரித்தார். பக்கத்தில் நின்ற அம்மா சிரிக்கவில்லை. இருபத்தஞ்சு வயசில் ஆரம்பித்து எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாத ஒரு படிப்பு அம்மாவுக்குச் சிரிக்கிற விஷயமாக இல்லை.

*

சவானா என்றதும் நமக்கு ஆப்பிரிக்கா ஞாபகம் வரும். மஞ்சள் புல், குடை மரம், வரிக்குதிரை. சொல் வந்ததென்னவோ ஆப்பிரிக்காவிலிருந்து அல்ல. கரீபியத் தீவுகளின் டைனோ மொழியிலிருந்து ஸ்பானியம் வழியாக ஐரோப்பாவுக்குப் போன சொல் அது. சூழலியலில் அதன் பொருள் எளிமையானது. தரை முழுக்கத் தொடர்ச்சியாகப் புல், அதன் நடுவே விட்டுவிட்டு மரம். உலகின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இப்படித்தான் இருக்கிறது.

எளிமையான இந்த விவரணைக்குள் ஒரு பழைய கேள்வி இருக்கிறது. மரமும் புல்லும் ஒரே மண்ணில், ஒரே மழையில், ஒரே வெயிலுக்குப் போட்டி போடுகின்றன. போட்டி என்றால் ஒருவர் ஜெயிக்க வேண்டும். மரம் ஜெயித்தால் அடர்காடு. புல் ஜெயித்தால் வெறும் புல்வெளி. இரண்டும் இல்லாமல் லட்சக்கணக்கான ஆண்டுகள் இரண்டும் சேர்ந்தே நிற்பது எப்படி?

ஹைன்ரிக் வால்ட்டர் என்ற ஜெர்மானியச் சூழலியலாளர் சொன்ன விடை நெடுநாள் செல்வாக்கோடு இருந்தது. புல்லின் வேர் மேல்மண்ணில் தண்ணீர் குடிக்கிறது, மரத்தின் வேர் ஆழத்தில் குடிக்கிறது, அவரவர் பாத்திரம் வேறு, அதனால் சண்டை இல்லை என்பது அது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எந்த மரமும் பிறக்கும்போதே ஆழ வேரோடு பிறப்பதில்லை. விதை முளைத்த முதல் மழைக்காலத்தில் மரக்கன்றின் வேரும் புல்லின் வேரும் ஒரே சாண் மண்ணுக்குள் ஒரே ஈரத்தைத் தேடுகின்றன. புல் ஆளுயரம் இருக்கும், கன்று விரல் நீளம். அந்தச் சில வருஷத்தில் கன்றுக்கு என்ன நடக்கிறது என்பதில்தான் நிலத்தின் முகமே தீர்மானமாகிறது. தங்கையின் ஆய்வு அந்த இடத்தில் நின்றது.

2005இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. பிற்பாடு பெங்களூர் என்சிபிஎஸ் நிறுவனத்துக்கு வந்த மகேஷ் சங்கரன் முதல் ஆசிரியர். ஆப்பிரிக்காவில் 854 இடங்களின் தரவை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஆண்டு மழை சுமார் 650 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கும் இடங்களில் மரம் எவ்வளவு வளரலாம் என்பதற்கு மழையே உச்சவரம்பு போடுகிறது. அங்கே மரம் தரையை முழுதாக மூடவே முடியாது, தண்ணீர் போதாது. 650ஐத் தாண்டினால் நிலத்தை மூடுமளவுக்கு மரம் வளர மழை இருக்கிறது. அங்கேயும் சவானா நிற்கிறதென்றால் அதைத் திறந்து வைத்திருப்பது வேறு ஏதோ: தீ, அல்லது மேயும் விலங்குகள்.

அவள் இதை எனக்குச் சொன்னது ஒரு பஸ் பயணத்தில். நான் போனில் காங்கேயத்தின் மழையளவைத் தேடினேன். வருஷத்துக்குச் சுமார் 600. "அப்போ நம்ம ஊரு கோட்டுக்குக் கீழயா?" என்றேன்.

"கோடு ஆப்பிரிக்காவுக்குப் போட்டதுண்ணா. இங்கயும் அதே எடத்துலதான் இருக்கும்னு அப்பிடியே தூக்கி வெக்க முடியாது. அதப் பாக்கத்தான என்னாட்ட ஆளுக வேணும்."

*

தீ பற்றி நான் அதிகம் யோசித்ததில்லை. காட்டுத்தீ என்றால் அழிவு; செய்தியில் வரும், அணைப்பார்கள். சவானாவில் கதை வேறு. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் 1954 முதல் சில பரிசோதனைத் துண்டு நிலங்களை வெவ்வேறு இடைவெளிகளில் எரித்தும், சிலதை எரிக்காமல் விட்டும் பார்த்துவருகிறார்கள். மழை போதுமான அளவுக்குப் பெய்யும் பகுதியில் தீயை நிறுத்திய துண்டுகளில் மரமும் புதரும் நெருங்கின. எரித்த துண்டுகள் திறந்தே இருந்தன.

2011இல் கார்லா ஸ்டேவர், சாலி ஆர்ச்சிபால்டு, சைமன் லெவின் மூவரும் 'சயின்ஸ்' இதழில் எழுதியது இன்னும் விசித்திரமானது. ஆண்டு மழை 1,000 முதல் 2,500 மில்லிமீட்டர் வரை உள்ள இடங்களில், அதே மழைக்குக் காடும் இருக்கலாம், சவானாவும் இருக்கலாம். புல் இருந்தால் தீ வரும். தீ வந்தால் மரம் மூடாது. மரம் மூடாவிட்டால் புல் இருக்கும். மறுபக்கம், மரம் ஒருமுறை மூடிவிட்டால் நிழலில் புல் சாகும். புல் இல்லாமல் தீ பரவாது. தீ இல்லாமல் மரம் இன்னும் மூடும். இரண்டும் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும் வளையங்கள். சாஃப்ட்வேரில் இதைப் பார்த்திருக்கிறேன். ஒரே கணினி, ஒரே உள்ளீடு. ஆனால் எந்த நிலையில் தொடங்கினோம் என்பதைப் பொறுத்து முடிவு இரண்டாகப் பிரியும்.

நிழலில் சாகும் அந்தப் புல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வெப்பமண்டல சவானாவின் புற்கள் பெரும்பாலும் சி4 வகை ஒளிச்சேர்க்கை செய்பவை. கடும் வெயிலிலும் சூட்டிலும், குறைந்த தண்ணீரில் வேகமாக வளரும் வித்தை அது. சோளம், கம்பு, கரும்பு எல்லாம் அந்த ஜாதி, நெல் அப்படியல்ல. வெயில்தான் அவற்றின் பலம், அதனால் நிழல்தான் பலவீனம். இந்தப் புற்கள் உலகில் பரவியது சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கும் 30 லட்சம் ஆண்டுகளுக்கும் இடையே. நம் துணைக்கண்டத்தில் சிவாலிக் படிவங்களின் பழைய மண்ணில் கார்பன் ஐசோடோப்பின் விகிதம் மாறியிருப்பதை வைத்து இங்கே அவை பெருகியது சுமார் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்போது கோடரி பிடிக்க மனிதன் கிடையாது. இந்தத் தேதி பின்னால் தேவைப்படும்.

*

முதுமலைக்கு நான் ஒருமுறை ஒரு வாரம் அவளோடு போனேன். சவானாவைப் படிக்க அது ஒரு வசதியான இடம். கிழக்கே மோயாறு, மசினகுடிப் பக்கம் வருஷத்துக்கு அறுநூறு, எண்ணூறு மில்லிமீட்டர் மழை. மேற்கே கேரள எல்லையை நெருங்கும்போது 1,800க்கும் மேல். நடுவில் முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான். முள்மரமும் குட்டைப் புல்லும் ஆரம்பித்து, வெக்காலி, கருமருது, தேக்கு, சரக்கொன்றை நடுவே யானை மறையும் உயரப் புல் வரை ஜீப்பில் ஒரு காலையில் கடந்துவிடலாம். இந்திய அறிவியல் கழகத்தார் 1988இல் இங்கே 50 ஹெக்டேர் துண்டு ஒன்றை அளந்து, ஒரு சென்டிமீட்டர் பருமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு தண்டுக்கும் எண் போட்டார்கள். முதல் கணக்கில் சுமார் 26,000 தண்டுகள். அன்று முதல் எது வளர்ந்தது, எது செத்தது, யானை எதை முறித்தது, தீ எதைத் தொட்டது என்று தொடர்ந்து எழுதி வருகிறார்கள். கைடியா என்ற சிறு மரம் யானைகளால் ஒடித்துத் தின்னப்பட்டு அந்தத் துண்டில் வெகுவாகக் குறைந்துபோனது இந்தக் கணக்கால்தான் தெரியவந்தது.

தங்கையின் வேலை அதைவிடச் சின்னது. தரையோடு தரையாக நடப்பது. பிவிசி குழாயில் செய்த ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைப் புல்லுக்குள் வைத்து, குத்தவைத்து உட்கார்ந்து, புல்லை விரலால் கோதி விலக்கி, உள்ளே இருக்கும் மரக்கன்றுகளைத் தேட வேண்டும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறு அலுமினிய வில்லை, அதில் எண். உயரம், தண்டின் பருமன், இலை எண்ணிக்கை. சில சட்டங்களில் புல்லை வெட்டி எடுத்துவிடுவார்கள். சிலதில் அப்படியே விடுவார்கள். புல் இருந்தால் கன்றுக்கு என்ன நஷ்டம் என்று ஒப்பிடத்தான். புலிகள் காப்பகம் என்பதால் யாரும் வேண்டுமென்று தீ வைக்க முடியாது. கோடைக்கு முன் வனத்துறை தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறது. அதையும் மீறித் தீ வந்த இடம், வராத இடம் என்று பின்னால் குறித்துக்கொள்வதோடு சரி.

கூடவே வந்த வாட்சர் அண்ணன் பழங்குடியினர். நாங்கள் தரையைப் பார்ப்போம், அவர் மற்ற எல்லாவற்றையும் பார்ப்பார். ஒருமுறை கையைத் தூக்கினார். பேச்சு நின்றது. எனக்கு எதுவும் தெரியவில்லை, எதுவும் கேட்கவில்லை. "போலாங்க" என்றார். எண் போட்ட கன்று பாதி அளந்தபடி நிற்க, நாங்கள் ஜீப்புக்குத் திரும்பினோம். பத்து நிமிஷம் கழித்து நாங்கள் உட்கார்ந்திருந்த வழியாக ஒரு கூட்டம் யானை கடந்துபோனது. மறுநாள் போய்ப் பார்த்தபோது ஒரு சட்டத்தின் மேல் கால் பட்டிருந்தது. தங்கை நோட்டில் 'மிதி' என்று எழுதிவிட்டு அடுத்த சட்டத்துக்கு நகர்ந்தாள். ஒரு நாளில் இப்படி எத்தனை சட்டம் முடிப்பாய் என்று கேட்டேன். "யானையக் கேக்கோணும்" என்றாள்.

*

என் பங்கு ஃபீல்டில் அல்ல, டேட்டாவில் இருந்தது. நான்கு மழைக்காலத்து நோட்டுகளை எக்செல் தாளில் ஏற்றி வைத்திருந்தாள். சரிபார்க்க ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் எழுதிக் கேட்டாள். உயரம் மைனஸில் இருக்கக் கூடாது, ஒரே எண் இரண்டு கன்றுக்கு வரக் கூடாது, போன வருஷம் இல்லாத இனம் திடீரென்று இந்த வருஷம் அதே எண்ணில் வந்தால் காட்ட வேண்டும். இந்த மாதிரி விதிகள். அதோடு இன்னொன்றும் கேட்டாள்: ஒரு வருஷம் 'இல்லை' என்று இருந்து அடுத்த வருஷம் 'உயிரோடு' என்று வரும் வரிசைகளைத் தனியே எடுத்துக் கொடு.

அந்தப் பட்டியல் நீளமாக வந்தது. சில கன்றுகள் ஒருமுறை அல்ல, இரண்டு முறை செத்துப் பிழைத்திருந்தன. நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். எழுத்துப் பிழை கொஞ்சம் இருந்தது. மீதியெல்லாம் உண்மை.

சவானாவின் மரக்கன்று முதல் வருஷங்களில் மேலே வளர அவசரப்படுவதில்லை. கிடைக்கிற சக்தியில் பெரும் பங்கைக் கீழே அனுப்புகிறது. வேரில் மாவுச்சத்தாகச் சேர்த்து வைக்கிறது. கோடையில் காய்ந்தோ, தீயில் கருகியோ, மான் கடித்தோ மேலே உள்ளது முழுக்கப் போய்விடும். பார்த்தால் கரிக்குச்சி. அடுத்த மழைக்கு வேரின் கழுத்திலிருந்து புதுத் துளிர் கிளம்பும். மறுபடி தீ. மறுபடி துளிர். இப்படி முழங்கால் உயரத்திலேயே பத்து, இருபது வருஷம்கூட மாட்டிக்கொண்டு கிடக்கும். தீப்பொறி என்று இதற்குப் பெயர்; எலிப்பொறி என்கிறோமே, அந்தப் பொறி. சில வருஷம் தொடர்ந்து தீ வராமல் போனால், சேர்த்து வைத்ததையெல்லாம் செலவழித்து ஒரே மூச்சில் மேலே எழும்பும். தலை தீநாக்குக்கு மேலே போய்விட்டால் தப்பித்தது. அதற்குள் பட்டையும் தடித்துவிடும். மரமாகக் காத்திருக்கும் இந்தக் குட்டைகளுக்கு வில்லியம் பாண்ட், பிரையன் வான் வில்கன் இருவரும் 1996இல் 'கல்லிவர்' என்று பெயர் வைத்தார்கள். குள்ளர்களின் ஊரிலும் ராட்சதர்களின் ஊரிலும் மாறி மாறி மாட்டிக்கொண்ட அதே கல்லிவர்.

காப்பகத்துக்கு வெளியே ஒரு தனியார் நிலத்தில் அனுமதி வாங்கி அப்படி ஒன்றைத் தோண்டிப் பார்த்த படத்தை அவள் எனக்கு அனுப்பினாள். மேலே தண்டு என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. கீழே வேர் மணிக்கட்டு கனத்தில் முறுக்கிக்கொண்டு போகிறது. அடியில் எழுதியிருந்தாள்: "தண்டுக்கு வயசு ஒண்ணு. வேருக்கு என்னன்னு தெரியல."

எனக்கு அந்தப் படத்தைவிடத் தாளில் அவள் செய்த மாற்றம்தான் நின்றது. 'உயிர்' என்ற பத்தியில் முன்பு இரண்டே மதிப்புதான்: இருக்கிறது, இறந்தது. அதை மூன்றாக்கினாள். நடுவில் 'மேலே இல்லை' என்று ஒன்று. டேட்டாபேஸ் வடிவமைப்பவனுக்கு இது சாதாரண வேலை. ஆனால் மூன்றாவது மதிப்பு இல்லாத தாளில் இருந்து யார் கணக்குப் போட்டாலும், பாதிக்கன்றுகளைப் புதைத்துவிட்டுத்தான் போட்டிருப்பார்கள்.

*

தேசத்தின் தாளிலும் அந்த மூன்றாவது மதிப்பு ரொம்ப நாள் இல்லை. சாம்பியன், சேத் இருவரும் 1968இல் திருத்தி வெளியிட்ட இந்தியக் காட்டுவகைப் பட்டியலைத்தான் வனத்துறை இன்றுவரை புழங்குகிறது. அதில் உலர் இலையுதிர் காடு உண்டு, முட்காடு உண்டு, அவற்றின் சீரழிந்த நிலைகளாகப் புதரும் புல்லும் நிறைந்த இடங்கள் உண்டு. சவானா என்று தன்னளவில் முழுமையான ஒன்றுக்கு அங்கே பெரிய இடமில்லை. 1973இல் வந்த இந்தியப் புல்வெளிகள் பற்றிய பெரிய ஆய்வும் இங்குள்ள புல்நிலங்களைக் காடு அழிந்ததால் வந்தவையாகவே பார்த்தது. அதாவது, புல் தெரிந்தால் அங்கே ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று பொருள். 2011இல் ஜெயஸ்ரீ ரத்னம் முதலானோர் எழுதிய கட்டுரை இதைத்தான் நேராகக் கேட்டது: நாம் காடு என்று அழைப்பது எப்போது உண்மையில் சவானா, அது ஏன் முக்கியம்? அடித்தளத்தில் சி4 புல்லும், தீயைத் தாங்கப் பழகிய மரமும் இருந்தால் அது சவானா. மரம் எத்தனை அடர்த்தி என்பது இரண்டாம் பட்சம் என்றார்கள். சிவாலிக் மண்ணின் அந்த 70 லட்சம் ஆண்டுத் தேதி இங்கேதான் பேசுகிறது. இந்தப் புல் இங்கே மனிதனுக்கு மூத்தது.

பெயரோடு நின்றால் பரவாயில்லை. மத்திய அரசு வெளியிடும் தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர்நிலமும் மேய்ச்சல்நிலமும் தரிசு வகைகளாக வருகின்றன. தரிசு என்றால் பயன்படுத்தாமல் கிடப்பது. எதையாவது வைத்துப் பயன்படுத்து என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளை. மதுசூதன், அபி வனக் இருவரும் 2022இல் வெளியிட்ட வரைபடத்தின்படி இந்தியாவின் நிலப்பரப்பில் சுமார் 10 சதவீதம் இப்படித் திறந்த இயற்கை நிலம். அதில் காப்பகங்களுக்குள் இருப்பது 5 சதவீதத்துக்கும் குறைவு. 2019இல் 'சயின்ஸ்' இதழில் வந்து உலகப் புகழ் பெற்ற ஒரு கணக்கு, பூமியில் இன்னும் 90 கோடி ஹெக்டேர் அளவுக்கு மரப்போர்வை சேர்க்கலாம், அது 20,500 கோடி டன் கார்பனைச் சேமிக்கும் என்றது. அதே ஆண்டே ஜோசப் வெல்ட்மன் தலைமையில் ஒரு பெரிய குழு அது ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகை என்று மறுத்தது. சவானாக்களையும் புல்வெளிகளையும் வெற்றிடமாக எண்ணியது ஒரு காரணம். புல் நிலத்தின் கார்பன் பெரும்பாலும் தரைக்குக் கீழே இருக்கிறது; மேலே பார்த்துக் கணக்கிட்டால் இல்லை என்றுதான் வரும்.

தீயையும் அப்படித்தான் 'அழிவு' என்ற ஒரே கட்டத்தில் போட்டோம். கர்நாடகத்தின் பிஆர் மலைகளில் வாழும் சோலிகர்கள் சருகை மட்டும் எரிக்கும் மெல்லிய தீயைக் கோடை ஆரம்பத்திலேயே வைப்பார்கள். தரகு பெங்கி என்று பெயர். 1974இல் அந்த மலை சரணாலயமானது. நாளடைவில் தீ வைப்பது தடையானது, உன்னிச்செடி பெருகியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது சோலிகர்களின் வாதம். ஆய்வாளர்கள் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். இன்று தீ வந்தால் புல் மட்டும் எரிவதில்லை. காய்ந்த உன்னிப் புதர் வழியாக ஏறி மரத்தின் தலையைத் தொடுகிறது. ஆகவே எல்லா இடத்திலும் கொளுத்திவிடு என்பதும் விடை இல்லை.

நம் பழைய ஏற்பாட்டில் இந்த நிலத்துக்குப் பெயர் இல்லாமல் இல்லை. முல்லைத் திணையின் கருப்பொருளை அடுக்கிப் பாருங்கள்: மான், முயல், ஆநிரை, வரகு, சாமை, கொன்றை, காயா, குருந்து. வெயில் தரையில் விழாத இடத்தில் இவற்றில் பாதி வாழாது. காடும் காடு சார்ந்த இடமும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தபோது நான் கற்பனை செய்த இருண்ட காடு அல்ல அது. எங்கள் ஊரில் 'காடு' என்கிற பொருளுக்கு நெருக்கமான காடு. தங்கையிடம் சொன்னபோது, "இலக்கியம் சர்வே இல்லண்ணா" என்று ஒரு வரியில் நிறுத்தினாள். பிற்பாடு 2025இல், பழைய மராட்டிப் பாடல்களிலும் கதைகளிலும் வரும் செடிகளைப் பட்டியலிட்டு, மேற்கு மகாராஷ்டிரத்தின் சவானா பல நூற்றாண்டுப் பழமையானது என்று காட்டிய ஒரு ஆய்வு வந்ததும் அவளே அதை அனுப்பிவைத்தாள். கூட ஒன்றும் எழுதவில்லை.

அதே கறார்தான் கொறங்காட்டிலும். எங்கள் கொறங்காடு சவானாவா என்று கேட்டதற்கு நேராக ஆமாம் என்று அவள் சொன்னதே இல்லை. வேலி போட்டது ஆள், மாடு விட்டது ஆள், உழுது புல்லைப் புதுப்பித்தது ஆள். "ஆனா ஆளுக புதுசா எதையும் கண்டுபுடிக்கல. அங்க ஏற்கெனவே வாழற புல்லையும் மரத்தையும் அதே மாதிரி இருக்க விட்டிருக்காங்க. மானுக்குப் பதிலா மாடு. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

*

இதெல்லாம் வீட்டு வாசலுக்கு வந்தது அவளுடைய நான்காவது வருஷத்தில். மரம் நடும் அமைப்பு ஒன்றிலிருந்து இரண்டு பேர் அப்பாவைப் பார்க்க வந்தார்கள். நல்ல மனுஷர்கள். சும்மா கிடக்கிற நிலத்தில் நெருக்கமாகப் பல ஜாதி மரம் வைத்துக் குறுங்காடு உண்டாக்குகிறோம், குழி நாங்களே எடுப்போம், கன்று எங்களது, மூன்று வருஷம் சொட்டுநீரும் எங்கள் செலவு. உங்கள் போரிலிருந்து தண்ணீர் கொடுத்தால் போதும் என்றார்கள். கொறங்காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நெலம் வீணாக் கெடக்குதுங்களே" என்றார் ஒருவர், உண்மையான வருத்தத்தோடு.

அன்றைக்கு நாங்கள் இருவரும் ஊரில் இருந்தோம். தங்கை ஏதாவது சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். கொழுக்கட்டைப்புல் ஒருமுறை போனால் திரும்ப எத்தனை காலம் ஆகும், பழம்புல்வெளிகளில் இனங்கள் முழுசாகத் திரும்பக் குறைந்தது நூறு வருஷம், பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் ஆகும் என்று 2020இல் வந்த ஆய்வு இருக்கிறதே, அதையாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் காபித் தம்ளரை எடுத்துவைப்பதில் மும்முரமாக இருந்தாள்.

அப்பாதான் பேசினார். "மூணு வருசத்துல நெழல் உளுந்துருமில்லீங்களா?"

"நல்லா உளுந்துருங்க. உள்ள போனா குளுகுளுன்னு இருக்கும்."

"நெழல்ல கொழுக்கட்ட நிக்காதுங்களே. மாடு எங்கீங்க மேயும்?"

அவர்கள் தீவனப்புல் பற்றி ஏதோ சொன்னார்கள். அப்பா மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, பஸ் நிறுத்தம் வரை கூடப் போய் அனுப்பிவிட்டு வந்தார்.

இரவு சாப்பிடும்போது தங்கையைப் பார்த்து, "நீ ஏம் பாப்பா ஒண்ணுமே பேசல?" என்றார்.

"நா சொல்ல வேண்டியத நீங்களே சொல்லீட்டீங்கப்பா."

இதை வெற்றி என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. மேற்கே இருந்த கொறங்காடு வீட்டுமனையாகிக் கல் நட்டாயிற்று. வடக்கே காற்றாலை. எங்கள் தொண்டுப்பட்டியில் இப்போது இரண்டே மாடுதான். அப்பாவுக்குப் பிறகு அங்கே யார் படல் திறப்பார்கள் என்ற கேள்விக்கு, பெங்களூரில் வேலை பார்க்கும் என்னிடமோ, அடுத்து எந்த நாட்டில் இடம் கிடைக்கும் என்று தெரியாத அவளிடமோ பதில் இல்லை. பயிர் வைக்காததால் கிராம அடங்கலில் வருஷா வருஷம் அந்த நிலத்துக்கு நேரே 'தரிசு' என்று ஏறுகிறது. அதில் மேயும் மாட்டுக்கு எந்தக் கட்டமும் இல்லை.

*

ஆறு வருஷத்தில் அவள் தீசிஸ் கொடுத்தாள். அம்மா நிம்மதியானார். அவளுக்கு நிம்மதி இல்லை. அவளுடைய கணக்குப்படி ஒரு கன்று பொறியிலிருந்து தப்பிக்க இருபது வருஷம் ஆகலாம். பிஎச்.டி. உதவித்தொகை ஐந்து வருஷத்துக்கு. எண் போட்ட கன்றுகள் எல்லாம் இன்னும் அங்கே முழங்கால் உயரத்தில் நிற்கின்றன. இனி அவற்றை யார் எண்ணுவார்கள்? க்ரூகரின் துண்டுகளும் முதுமலையின் 50 ஹெக்டேரும் இன்று பேசுவது ஒரு மாணவர் போன பிறகு அடுத்தவர் அதே எண்ணைத் தேடிப் போனதால்தான்.

"முப்பது வருசம் கழிச்சும் தொறக்கற மாதிரி டேட்டாவ வெச்சுக் குடுண்ணா" என்றாள். எக்செல் வேண்டாமென்று முடிவு செய்தோம். எந்தக் கணினியும் திறக்கக்கூடிய வெறும் எழுத்துக்கோப்பாக மாற்றினேன். ஒவ்வொரு பத்திக்கும் என்ன பொருள், எந்த அலகு, எந்த மாதம் அளந்தது, சட்டத்தின் ஜிபிஎஸ் புள்ளி எது, எந்தக் கல்லிலிருந்து எந்தத் திசையில் எத்தனை அடி என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு விளக்கக் குறிப்பு. கோப்பின் ஒரு பிரதியை அவளுடைய நிறுவனம் வைத்துக்கொண்டது. மற்றது என்னிடம் இருக்கிறது. அடுத்து வருபவருக்கான குறிப்பில் முதல் விதியை அவளே சொல்லச் சொல்ல நான் தட்டினேன்: எண் இருக்கும் இடத்தில் கன்றைக் காணவில்லை என்றால் வில்லையைக் கழற்ற வேண்டாம். 'மேலே இல்லை' என்று எழுதிவிட்டு, அடுத்த மழை முடிந்து ஒரு மாதம் கழித்து வந்து பாருங்கள்.